வேர்த்த ஐஸும் எடை குறைந்த ஐஸ் ஆக்ஸும்

1. முதல் மெயில்

வேலைக்குச் சேர்ந்த அன்று மதியம் எனக்கு வந்த முதல் மெயிலில் ஒருவர் கேட்டிருந்தார்: 'ஸ்கி மவுண்டனியரிங்குக்கு எடை குறைந்த ஐஸ் ஆக்ஸ் ஒன்று வேண்டும். எதை எடுக்கலாம்?' நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். அந்த இரண்டு வரியில் 'வேண்டும்' என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குப் புரியவில்லை.

இப்போது நான் இருக்கும் கம்பெனியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ட்ரெய்னிங் கொடுப்பது என் வேலை. "உங்க காலத்துல எப்படி மேடம் இருந்துச்சு?" என்று கேட்கிறார்கள். என் காலம் என்ன, ராஜா காலமா? 2009-தான். இருந்தாலும் கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன்.

நாகர்கோவில் வடசேரியில் ஒரு துணிக்கடைக்கு மேலே முதல் மாடியில் எங்கள் ஆபீஸ். ஐரோப்பாவில் மலையேறும் சாமான்களை இன்டர்நெட்டில் விற்கும் ஒரு கடைக்கு வருகிற ஆங்கில மெயில்களுக்குப் பதில் போடுவது எங்கள் வேலை. அங்கே கடை திறக்கும்போது இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். அதற்காக நான் எங்கள் கடற்கரைக் கிராமமான இனயத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். வேலை முடிந்து திரும்பும்போது கருங்கல் தாண்டினால் பஸ்ஸில் நானும் கண்டக்டரும்தான் இருப்போம். அவர் தூங்குவார். எனக்கும் தூக்கம் வரும், ஆனால் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிடும் என்று பயந்து முழித்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் டீம் லீடர் அனந்தன் சார். பூதப்பாண்டிக்காரர். துபாயில் விளையாட்டுச் சாமான் கடையில் பல வருஷம் சேல்ஸ்மேனாக இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். எங்கள் ஆபீஸில் பனியை நேரில் பார்த்த ஒரே ஆள் அவர்தான். அதுவும் ஒரு மாலுக்குள், டிக்கெட் எடுத்து.

அந்த முதல் மெயிலை அவரிடம் கொண்டு போனேன். அவர் பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்தார். மலை உச்சி வரை காலில் ஸ்கி பலகையைக் கட்டிக்கொண்டே ஏறுவார்களாம். பலகை பின்னால் வழுக்காமலிருக்க அடியில் ரோமத் துணி மாதிரி ஒன்றை ஒட்டிக்கொள்வார்களாம். உச்சிக்குப் போனதும் அதை உரித்துவிட்டு அப்படியே சறுக்கிக்கொண்டு இறங்குவார்களாம். காலையிலிருந்து ஏறுவது, கொஞ்ச நேரத்தில் இறங்குவது. நாளெல்லாம் கடலில் வலை வீசிவிட்டு ஒரு கை நெத்திலியோடு வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் எனக்கு அது அவ்வளவு விசித்திரமாகத் தோன்றவில்லை.

பிறகு ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினார். கடைக்காரர்கள் சாம்பிளுக்கு அனுப்பிய ஐஸ் ஆக்ஸ்கள். கோடாலி என்று பெயரே ஒழிய கோடாலி மாதிரி இல்லை. தலையில் ஒரு பக்கம் கொக்கின் மூக்கு மாதிரி நீண்டு வளைந்த கூர், அதற்குப் பிக் என்று பெயர். மறுபக்கம் சின்ன மண்வெட்டி மாதிரி ஒரு தகடு. வழுக்கி விழுந்தால் அந்த மூக்கைப் பனியில் அழுத்தித்தான் நிற்க வேண்டும். ஒன்று முழுக்க அலுமினியம், தலையும் அலுமினியம், கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இல்லை. இன்னொன்றில் பிடி அலுமினியம், தலை ஸ்டீல்.

பக்கத்து சீட் சுபா மயிலாடிக்காரி. அவள் அப்பா சிற்ப வேலைக்காரர். அவள் அந்த அலுமினிய மூக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னாள்.

"ஏட்டி, எங்க அப்பாட்ட அலுமினியத்துல உளி குடுத்தா எடுத்து எறிஞ்சிருவாரு."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டு அவரவர் மெயிலைப் பார்க்கப் போய்விட்டோம்.

2. கிராம்

இந்த ஸ்கி மலையேறிகள் பேசுவதெல்லாம் கிராம். பூட்ஸ் எத்தனை கிராம், பை எத்தனை கிராம், கண்ணாடிக் கூடு எத்தனை கிராம். ஐஸ் ஆக்ஸ் என்று வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியை அறுத்துவிட்டு எடுத்துப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று சார் சொன்னபோது முதலில் நம்பவில்லை. பிறகு ஒருவர் தானே எழுதியிருந்தார்.

நியாயம் இல்லாமல் இல்லை. அந்த ஆக்ஸ் நாள் முழுக்க முதுகுப் பையில்தான் கிடக்கும். இரண்டு கையிலும் ஸ்கி கம்பு இருக்கும். ஆக்ஸை எடுக்கிற சந்தர்ப்பம் ஒரு பயணத்தில் ஒரு தடவை வரலாம், வராமலும் போகலாம். எங்கள் அப்பா தன் மீன்பிடி வள்ளத்தில் இரண்டாவதாக ஒரு நங்கூரம் வைத்திருப்பார். வருஷம் முழுக்க அது சும்மா கிடக்கும். அதைத் தூக்கி ஏற்றும்போதெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டுவார், ஆனால் ஏற்றாமல் போனதில்லை. அதனால் அந்த மலையேறிகளின் சலிப்பு எனக்கு நன்றாகவே விளங்கியது.

எங்களுக்கும் சலிப்புதான். ஒரே கேள்வி, ஒரே பதில். கேட்லாக்கை எடை வாரியாக வரிசைப்படுத்தினால் முதலில் வருவது அலுமினியம். அதன் பெயரையும் எடையையும் போட்டு, நல்ல பயணம் அமையட்டும் என்று முடித்து அனுப்ப வேண்டியது. இதற்கென்று எழுதி வைத்த பதிலுக்கு டெம்ப்ளேட் என்று பெயர். பெயரை மட்டும் மாற்றினால் போதும். சாயங்காலம் ஆகும்போது மணிக்கட்டு வலிக்கும். கரண்ட் கட் வரும், யூபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்தும், ஏசி நிற்கும். வியர்வை வழிய உட்கார்ந்துகொண்டு பனியில் எப்படி நடப்பது என்று யாருக்கோ எழுதிக்கொண்டிருப்போம்.

சாருக்கு ஒரு கொள்கை இருந்தது. "கஸ்டமர் கேட்டது கிராம். நீ கிராமைச் சொல்லு. வேற கதை எதுக்கு?" என்பார். மெயில் ஒன்றுக்கு இவ்வளவு நேரம்தான் என்று கணக்கு உண்டு. தாண்டினால் ஸ்கிரீனில் சிவப்புப் புள்ளி விழும். அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தால் சாருக்குத் தலைவலி வந்துவிடும். அவரையும் குறை சொல்ல முடியாது. துபாயை விட்டு வந்து, பூதப்பாண்டியில் வீட்டைப் பாதி கட்டி நிறுத்தி வைத்திருந்தார். இந்த ஆபீஸ் ஓடினால்தான் அந்த வீடு மேலே எழும்பும்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. மூன்றாவது வருஷ பனிக்காலத்தில் எடை வாரி பதிலால் சமாளிக்க முடியாத ஒரு கேள்வி அடிக்கடி வர ஆரம்பித்தது. 'அலுமினிய மூக்கு ஐஸில் இறங்குமா?'

பனி வேறு, ஐஸ் வேறு. பனி என்பது உப்பு மாதிரி, கொஞ்சம் இறுகினால் ஈர மணல் மாதிரி. அதில் அலுமினியம் தாராளமாக இறங்கும். ஐஸ் என்பது கட்டி. வெயில் படாத வடக்குச் சரிவுகளில், பாறை இடுக்குகளில் பனி உருகி உறைந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். அங்கே வழுக்கினால் பிடிக்க அந்த மூக்கை விட்டால் வேறு கதி இல்லை. கேட்லாக்கில் 'பனிக்கு ஏற்றது' என்று மட்டும் போட்டிருந்தது. ஐஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைக்காரர்களுக்கு எழுதிக் கேட்டால் அவர்களுடைய டெக்னிக்கல் ஆள் பதில் போட நாள் கணக்காகும். அதற்குள் சிவப்புப் புள்ளி விழுந்துவிடும்.

ஒருநாள் சார் என் சீட்டுக்கு வந்து நின்றார்.

"எம்மா ஸ்டெல்லா, உங்க அண்ணன் ஐஸ் பிளான்ட்லதானே நிக்கான்?"

3. ஐஸ் பிளான்ட்

என் அண்ணன் அந்தோணி மீன்காரன் மகன், ஆனால் கடலில் போனால் வாந்தி எடுப்பான். அப்பா எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அதனால் குளச்சல் பக்கம் மீனுக்கு ஐஸ் அடிக்கிற பிளான்ட்டில் வேலை பார்த்தான். கடலுக்குப் போக முடியவில்லையே என்ற குறை அவனுக்கு உள்ளுக்குள் உண்டு. அதனாலேயோ என்னவோ, கடலுக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்களா என்று எங்கள் வீட்டிலேயே அதிகம் விசாரிப்பவன் அவன்தான்.

சாரின் யோசனை எனக்கும் பிடித்திருந்தது. ஐஸில் இறங்குமா என்று தெரியவில்லை. ஐஸ் நம் ஊரிலேயே இருக்கிறது. அடித்துப் பார்த்தால் ஆயிற்று. ஆபீஸ் வேனில் நான், சுபா, சார், கேமரா பிடிக்க ஒருவர் என்று கிளம்பினோம். ஒரு நாளாவது அந்த ஸ்கிரீனை விட்டு வெளியே வந்தோமே என்று எங்களுக்குக் கொண்டாட்டம். வழியில் சார் தோதான இடம் பார்த்து டீ வாங்கிக் கொடுத்தார். கடற்கரையில் படம் எடுத்தோம்.

பிளான்ட்டில் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் எங்களுக்காக ஒரு கட்டியை வெளியே எடுத்து சிமெண்ட் தரையில் போட்டு வைத்திருந்தான். ஆள் படுத்துக் கிடக்கிற நீளம். மேலே போட்டிருந்த சாக்கை விலக்கினான். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

சார் முதலில் ஸ்டீல் ஆக்ஸால் அடித்தார். சதக்கென்று இறங்கியது. பிறகு அலுமினிய ஆக்ஸ். அதுவும் இறங்கியது. அவ்வளவு ஆழம் இல்லை, ஆனால் நின்றது. சார் அதைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி சாய்ந்து காட்டினார். நாங்கள் கை தட்டினோம். பிளான்ட்டில் இருந்தவர்களும் வேடிக்கை பார்த்துவிட்டுக் கை தட்டினார்கள். அண்ணனுக்கு ஒரே பெருமை. தங்கச்சியின் ஆபீஸ் ஆட்களுக்குத் தன்னால் ஒரு உதவி ஆயிற்றே என்று எல்லாருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தான்.

அன்றே புது டெம்ப்ளேட் தயாரானது. 'எங்கள் குழு இந்த ஆக்ஸை ஐஸில் நேரடியாகச் சோதித்தது. நன்றாகப் பிடிக்கிறது.' கீழே வீடியோ. கடைக்காரர்கள் பாராட்டி எழுதினார்கள். அலுமினிய ஆக்ஸ் நன்றாக விற்க ஆரம்பித்தது. சிவப்புப் புள்ளி குறைந்தது. சார் விசிலடித்துக்கொண்டு வந்து போனார்.

4. வேர்க்காத ஐஸ்

சில வாரம் கழிந்தது. ஒருநாள் காலையில் நான் கடைக்குப் போகிற வழியில் கடற்கரையில் சத்தம். மீன் ஏலம் எடுக்கிற ஒருவர், ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த ஆளைத் திட்டிக்கொண்டிருந்தார். லாரியிலிருந்து இறக்கின கையோடு அந்த ஆள் கட்டியை உடைத்திருக்கிறார். சில்லு பறந்து பக்கத்தில் நின்றவரின் கன்னத்தைக் கீறிவிட்டது. "வேர்க்க விட்டு உடைக்கணும்னு தெரியாதா?" என்று ஏலக்காரர் கத்தினார்.

சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தைதான். பிளான்ட்டிலிருந்து எடுத்த உடனே கட்டி உலர்ந்து, வெளிறி, கண்ணாடி மாதிரி இருக்கும். அடித்தால் சிதறும். கொஞ்ச நேரம் வெளியே கிடந்து தண்ணீர் விட ஆரம்பித்தால்தான் உடைப்பார்கள். அதற்குத்தான் வேர்ப்பது என்று பெயர். எங்கள் கரையில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அன்றுதான் அது எனக்குள் வேறு மாதிரி போய் உறைத்தது. சாமான் வாங்கப் போனவள் அப்படியே வீட்டுக்குத் திரும்பினேன். அண்ணன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நாங்க அடிச்சுப் பாத்த கட்டி, அத வேர்க்க வச்சிருந்தியா?"

"பின்னே? வேர்க்காத கட்டியில அடிச்சா கண்ணுல தெறிக்கும்லா மக்கா. ஆபீஸ் ஆளுவ வாறாவன்னு காலையிலயே எடுத்து வெளிய போட்டேன்."

அவனுடைய முகத்தில் அப்போதும் அந்தப் பெருமை இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். மலையில் இருக்கிற ஐஸ் வேர்க்காது அண்ணே, அங்கே வெயிலே கிடையாது என்றேன். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"அப்போ அதை நம்பி யாராவது போவாவளா?" என்று கேட்டான்.

அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது. போனதும் புது டெம்ப்ளேட் போன மெயில்களைத் தேடி எடுத்தேன். பெரும்பாலானவர்கள் சாதாரண பனிச்சரிவுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு அந்த ஆக்ஸே சரி. ஐஸ் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர். அதில் ஒரு மெயிலில் என் கண் நின்றது. நார்வேயிலிருந்து மார்கிட் என்ற அம்மா. சுபா பதில் போட்டிருந்தாள். அந்த அம்மாவின் மகன் சிநேகிதர்களோடு ஒரு வடக்குச் சரிவில், பாறைக்கு நடுவே ஓடை மாதிரி இறங்குகிற குறுகலான இடுக்கில் ஏறப் போகிறான். அங்கே ஐஸாகத்தான் இருக்கும். குளிர் மைனஸ் பன்னிரண்டு. மகனுக்கு முழங்காலில் பழைய அடி. அதனால் கனம் குறைந்ததாக வேண்டும், ஆனால் ஐஸில் பிடிக்க வேண்டும், பிடிக்குமா என்று கேட்டிருந்தார். 'நன்றாகப் பிடிக்கிறது' என்று எங்கள் பதில் போயிருந்தது. சாமான் அனுப்பியாயிற்று. அவன் கிளம்புவது அந்தச் சனிக்கிழமை.

சுபாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் சாரிடம் போனோம்.

சார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஐஸ்னா ஐஸ்தானே எம்மா? அதுல வேர்த்தது வேர்க்காததுன்னு ஜாதியா இருக்கு?" என்றார். அடித்துப் பார்ப்போம் சார் என்றேன்.

அண்ணனுக்குப் போன் போட்டோம். இந்தத் தடவை டீ இல்லை, படம் இல்லை. பிளான்ட்டில் அவன் எங்கள் முன்னால் கட்டியைத் தூக்கிப் போட்டான். உலர்ந்து புகை விட்டுக்கொண்டிருந்தது. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னான். சாருக்குக் கண்ணாடி கொடுத்தான். சார் அலுமினிய ஆக்ஸை ஓங்கி அடித்தார். அது வழுக்கிக்கொண்டு போனது. ஒரு தட்டு அகலத்துக்குச் சில்லு பெயர்ந்து பறந்தது. மறுபடி அடித்தார், மறுபடி துள்ளியது. ஆக்ஸின் தலையில் கனம் இல்லை, அதனால் அடித்த அடிக்குப் பலமும் இல்லை. நாலைந்து அடியில் அதன் மூக்கு மழுங்கிவிட்டது. சாரின் நெற்றியில் ஒரு கீறல், ரத்தம் துளிர்த்திருந்தது. ஸ்டீல் ஆக்ஸ் இரண்டாவது அடியில் உள்ளே போய் நின்றது.

அண்ணன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அவன் சர்பத் வாங்கவில்லை. வேனில் ஏறும்போது என் கையைப் பிடித்து, அந்தப் பையன் பெயர் என்ன என்று கேட்டான். தெரியாது என்றேன்.

5. சனிக்கிழமை

ஆபீஸில் திரும்பி வந்து உட்கார்ந்ததும் சார் மெதுவாகச் சொன்னார். டெம்ப்ளேட்டை மாற்றிவிடலாம், வீடியோவை எடுத்துவிடலாம். பழைய ஆட்களைக் கிளற வேண்டாம். கிளறினால் எல்லாரும் சாமானைத் திருப்பி அனுப்புவார்கள். ரிட்டர்ன் கூடினால் கடைக்காரர்கள் ஏன் என்று கேட்பார்கள். கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த அறையில் உட்கார்ந்திருந்த எல்லார் வீட்டு அடுப்பும் அந்தக் கான்ட்ராக்டில்தான் எரிந்தது, என் வீட்டு அடுப்பும்தான். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் இல்லை, களைப்பில்.

"சார், வள்ளத்துல ஓட்டை இருக்குன்னு தெரிஞ்ச பொறவு, வித்து முடிஞ்சாச்சுன்னு சும்மா இருப்பியளா?" என்று கேட்டேன்.

அவர் கர்ச்சீப்பால் நெற்றியை ஒத்தி ஒத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக்குப் போன் போடுகிற உரிமை ஆபீஸில் அவருக்கு மட்டும்தான் இருந்தது. கர்ச்சீப்பை மடித்து வைத்துவிட்டு, "நம்பரைச் சொல்லு" என்றார்.

ஸ்பீக்கரில் மார்கிட் அம்மாவின் குரலே வந்தது. சார் துபாய் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். நீங்கள் வாங்கிய ஆக்ஸை அந்த ஓடைக்குக் கொண்டு போக வேண்டாம். நாங்கள் தப்பாகச் சோதித்துவிட்டோம். அந்த அம்மா, எப்படித் தப்பாகச் சோதித்தீர்கள் என்று கேட்டார். சார் என்னைப் பார்த்தார். பிறகு மறைக்காமல் சொன்னார். எங்கள் ஊரில் பனி கிடையாது. மீனுக்குப் போடுகிற ஐஸில் அடித்துப் பார்த்தோம். அது வெயிலில் கிடந்து வேர்த்திருந்தது. எங்களுக்கு அது தெரியவில்லை.

அறையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த அம்மா, மகன் பையெல்லாம் கட்டி வைத்துவிட்டான், ஆக்ஸ் கனமே இல்லை என்று அவனுக்கு ஒரே சந்தோஷம் என்றார். வீட்டில் ஒரு பழைய ஸ்டீல் ஆக்ஸ் இருக்கிறது, கனம் என்று அவன் தொட மாட்டேன் என்கிறான், சொல்லிப் பார்க்கிறேன் என்றார். நன்றி என்றார். போன் வைக்கப்பட்டது.

சொல்லிப் பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? எங்களுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் அம்மா சொல்வதைக் கேட்கிற லட்சணம் எங்கள் ஊரிலும் அதேதான்.

அன்று முழுக்க சார் உட்கார்ந்து ஐஸ் என்று கேட்டிருந்த எல்லாருக்கும் தன் பெயரிலேயே மெயில் எழுதினார். பலர் பதில் போடவில்லை. ஒருவர் கன்னாபின்னாவென்று திட்டியிருந்தார். இன்னொருவர், இதெல்லாம் எனக்குத் தெரியும், நான் கேட்டது கிராம் மட்டும்தான் என்று எழுதியிருந்தார்.

சனிக்கிழமை போனது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் என் மனசு நிற்கவில்லை. அண்ணன் வேலை முடிந்து வந்ததும் முதல் கேள்வியாக, "அந்தப் பய கரையேறிட்டானா?" என்று கேட்பான். தெரியாது அண்ணே என்பேன். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு வாசலில் போய் நிற்பான். அவன்மேல் தப்பில்லை என்று நான் சொன்னேன், அம்மா சொன்னாள். யாருடைய கண்ணிலும் சில்லு விழக் கூடாது என்று நினைத்துச் செய்தவன். ஆனால் எங்கள் கரையில் ஒருவன் திரும்பவில்லை என்றால் யார்மேல் தப்பு என்று யாரும் பேசுவதில்லை, வந்துவிட்டானா என்று மட்டும்தான் கேட்பார்கள்.

திங்கட்கிழமையும் ஒன்றும் வரவில்லை. மறுபடி போன் போடச் சொல்லி சாரிடம் கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. கேட்டு, கெட்ட பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவரும் நினைத்திருப்பார்.

அந்தக் கான்ட்ராக்ட் அடுத்த வருஷம் போய்விட்டது. இந்த விஷயத்தால் இல்லை. அவர்கள் கம்ப்யூட்டரே பதில் சொல்கிற ஏற்பாட்டுக்கு மாறிவிட்டார்கள். ஆபீஸை மூடினார்கள். சுபா கல்யாணமாகிப் போனாள், சார் மறுபடி துபாய்க்கே போனார். அவர் வீட்டு மாடி இன்னும் கம்பி நீட்டிக்கொண்டுதான் நிற்கிறது என்று பூதப்பாண்டிப் பக்கம் போனவர்கள் சொல்வார்கள். அதற்கு அப்புறம் நான் எத்தனையோ கம்பெனிக்கு எவ்வளவோ மெயிலுக்குப் பதில் எழுதிவிட்டேன். எதுவும் ஞாபகமில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் ஞாபகமிருக்கிறது.

மதியம் சீட்டில் உட்கார்ந்து ஸ்கிரீனைத் திறந்தேன். ஒரு ரிட்டர்ன் வந்திருந்தது. அலுமினிய ஆக்ஸ், நார்வே. திருப்பி அனுப்புகிற காரணத்தைத் தேர்ந்தெடுக்க அதில் அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை, உடைந்து வந்தது என்றெல்லாம் இருக்கும். அந்த அம்மா எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கீழே எழுதியிருந்தார்: 'பாதி வழியில் முழுக்க ஐஸ். ஒரு இடத்தில் வழுக்கினானாம். பழைய ஆக்ஸ் பிடித்துக்கொண்டது. கனத்தைப் பற்றி வீட்டுக்கு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். மீன் ஐஸ்காரர்களிடம் சொல்லிவிடுங்கள்.'

ரிட்டர்ன் என்றாலே முகம் சுளிக்கிற சார், என் பின்னால் வந்து நின்று அதை இரண்டு தடவை படித்தார். தானே குனிந்து ஏற்றுக்கொள்கிறோம் என்ற பட்டனை அமுக்கினார். யாரையும் பார்க்காமல் மாடிப்படி இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் பிளான்ட்டுக்குப் போன் போட்டேன். மெஷின் சத்தத்தில் அண்ணனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணே, அந்தப் பையன் வந்துட்டான்."

அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்து வருகிறான் என்று தெரிந்தது. மெஷின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. மூக்கை உறிஞ்சினான்.

"மக்கா, இனிமே எவன் வந்து ஐஸ் கேட்டாலும், எதுக்குன்னு கேட்டுட்டுத்தான் கட்டியத் தூக்குவேன்."

இவ்வளவு வருஷ வேலையில் நான் கற்றுக்கொண்டதும் அவ்வளவுதான். யாராவது எத்தனை கிராம் என்று கேட்டால், எங்கே போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். சிவப்புப் புள்ளி விழும். விழட்டும்.